காலேஜை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோர்ட்டைப் பாருங்கள்

அரக்கோணம், தக்கோலம், நெமிலி, சோளிங்கர், வாலாஜா பக்கமிருந்து பிளஸ் டூ எழுதப்போகிற பிள்ளைகளில், வக்கீலுக்குப் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,



ரிசல்ட் வந்த வாரத்தில் எங்களைப் போன்ற உள்ளூர் வக்கீல்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "சார், லா படிக்கணும்னா எது நல்ல காலேஜ்?" நான் திருப்பிக் கேட்பேன்: "படிச்சு முடிச்சிட்டு எந்தக் கோர்ட்ல நிக்கப்போறே தம்பி?" பையன் அப்பா முகத்தைப் பார்ப்பான். அப்பா சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் காலேஜ் தேடுவது வீண் அலைச்சல் என்பதுதான் இந்த மடலில் நான் சொல்ல வந்தது.

வக்கீல் தொழில் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது பல தொழில்கள். நம் ஊர் முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, செக் கேஸ் நடத்துகிறவரின் நாள் ஒரு மாதிரி. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுகிறவரின் நாள் வேறு மாதிரி. மும்பையிலோ பெங்களூரிலோ பெரிய சட்ட நிறுவனத்தில் உட்கார்ந்து கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர் கோர்ட் வாசலையே மிதிக்காமல் காலம் தள்ளலாம். நீதிபதி தேர்வு எழுதுவது இன்னொரு பாதை. ஒவ்வொன்றுக்கும் தேவையான காலேஜ் வேறு, பணம் வேறு, மொழி வேறு. மூன்றாவது ஆள் ஆவதற்கான காலேஜில் கடன் வாங்கிச் சேர்ந்துவிட்டு, முதல் ஆள் ஆக ஆசைப்பட்டால் வட்டி விடாது.

நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து பிரியும் நான்கு தடங்களில் மூன்றில் ஒவ்வொரு அரசுச் சட்டக் கல்லூரி இருக்கிறது. மேற்கே சுமார் 60 கி.மீ. போனால் காட்பாடி. அங்கேதான் 2008இல் தொடங்கிய வேலூர் அரசுச் சட்டக் கல்லூரி. தெற்கே தக்கோலம், காஞ்சிபுரம் வழியாகப் போகும் தடத்தின் முடிவில் செங்கல்பட்டு. அங்கும் ஒன்று உண்டு, ஆனால் அந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு. தினம் போய்வரலாம் என்று நினைக்கிறவர்கள் டைம் டேபிளை முதலில் பாருங்கள். கிழக்கே திருவள்ளூரில் இறங்கி, திருத்தணி சாலையில் பஸ் பிடித்தால் பட்டரைபெரும்புதூர்.

பட்டரைபெரும்புதூர்க் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1891இல் சென்னைச் சட்டக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு அம்பேத்கர் பெயர் பெற்ற கல்லூரியின் தொடர்ச்சி அது. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய சிவப்புக் கட்டடத்தில் இருந்தது. கிளாஸ் முடிந்து இறங்கி நடந்தால் கோர்ட் ஹால். பின் வரிசையில் நின்று பெரிய வக்கீல்கள் வாதாடுவதைக் கேட்டே சட்டம் கற்றவர்கள் உண்டு. 2018இல் அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பட்டரைபெரும்புதூருக்கும் மறுபாதியைப் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். மாணவர்கள் போராடினார்கள். அவர்கள் சொன்ன முக்கியமான காரணம் கோர்ட்டிலிருந்து கல்லூரி விலகிப்போகிறது என்பது. அது நியாயமான கவலை என்றே இன்றும் நினைக்கிறேன். நமக்கென்னவோ அதனால் கல்லூரி கிட்டே வந்துவிட்டது. சென்னையில் ரூம் எடுக்க வசதியில்லாத மோசூர்ப் பிள்ளையும் திருவாலங்காட்டுப் பிள்ளையும் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே சட்டம் படிக்கலாம். ஆனால் எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்கு நடந்தே கிடைத்த கோர்ட்டை நீங்கள் தேடிக்கொண்டு போக வேண்டும். கல்லூரிக்கு லீவு விட்டு கோர்ட் நடக்கும் நாளில் மூர் மார்க்கெட் வரை லோக்கல் ட்ரெயின், சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே ஹைகோர்ட். போங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை.

சேர்க்கைக்கு வருவோம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க், மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரி மார்க், 69 சதவீத இடஒதுக்கீடு. பார் கவுன்சில் விதிப்படி குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு 45, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். இது விண்ணப்பிக்க மட்டும்தான். இடம் கிடைக்கிற கட் ஆஃப் மேலே இருக்கும். அரசுக் கல்லூரியில் ஒரு வருஷக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. இதே பல்கலைக்கழகம் 2002 முதல் சென்னையில் தானே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஆனர்ஸ் படிப்பு உண்டு. கட்டணமும் கட் ஆஃபும் இரண்டுமே கூடுதல். பெருங்குடி வரை இங்கிருந்து தினம் போய்வருவது முடியாத காரியம். ஹாஸ்டல் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை கொடுக்கும் சட்டம் 2021இல் வந்தது. இன்ஜினீயரிங் பற்றியே எல்லோரும் பேசியதால், சட்டப் படிப்பும் அதில் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாமலே போனது. அந்த இடத்தில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இதற்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் டீக்கும் அது காணும்.

அடுத்தது கிளாட். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு. 1980களின் கடைசியில் பெங்களூரில் என்.ஆர். மாதவ மேனன் தொடங்கிவைத்த மாதிரிதான் இன்று நாடு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. நம் மாநிலத்தில் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருப்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே தனி இடங்கள் உண்டு. டெல்லியில் இருப்பதற்கு மட்டும் வேறு தேர்வு. கிளாட்டில் 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்புக்குக் கால் மார்க் குறைப்பு. நீளமான பத்திகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் ஆங்கிலத்தில். அண்மை வருஷங்களில் இது டிசம்பரில் நடக்கிறது. அதாவது நீங்கள் பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே. ரிசல்ட் வந்த பிறகு மே மாதம் வந்து "கிளாட் எழுதலாமா சார்" என்று கேட்கிற பிள்ளைக்கு, அந்த வருஷக் கதவு முந்தின கார்த்திகையிலேயே சாத்தியாகிவிட்டது. விண்ணப்பத்துக்கே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். வசதியில்லாத பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய மறைந்த பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய இடியா என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

கிளாட் எழுதுவதைத் தடுக்கிறவன் இல்லை நான். ஆங்கிலம் சரளமாக ஓடும் பிள்ளை, கம்பெனிச் சட்டத்தில் ஆசை உள்ள பிள்ளை கட்டாயம் எழுத வேண்டும். பெரிய சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்க முதலில் போகும் இடம் அந்த வளாகங்கள்தான், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் விடுதியோடு சேர்த்து வருஷம் 2 லட்சத்துக்கு மேல், பலவற்றில் 3 லட்சம் வரை ஆகிறது. ஐந்து வருஷத்துக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். எம்.ஆர்.எஃப்.பிலோ லோகோ ஷெட்டிலோ நிரந்தர வேலையில் இருக்கிற அப்பாவுக்கே அது பெரிய பாரம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் அம்மாவுக்கு அது கனவிலும் வராத தொகை. 12, 15 லட்சம் கடனோடு வெளியே வருகிற பையன் முன்சீப் கோர்ட்டில் ஜூனியராக உட்கார முடியாது. உட்கார ஆசை இருந்தாலும் வங்கி விடாது. எந்தக் கோர்ட் என்பதை அவனுக்குப் பதில் அந்தக் கடனே முடிவு செய்துவிடும். கம்பெனி வேலைதான் வேண்டும் என்றால் பரவாயில்லை. ஏழைகளுக்கு வாதாடப்போகிறேன் என்று பேச்சுப் போட்டியில் பேசிவிட்டு இந்தக் கடனை வாங்காதீர்கள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இதே கணக்குத்தான். கட்டடம் பளபளவென்று இருக்கும். கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்று காட்டும் பட்டியலில் லீகல் வேலை எத்தனை, கால் சென்டர் மாதிரி வேலை எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள்.

இனிக் கொஞ்சம் கோபமாக எழுதப்போகிறேன். நாம் ஆந்திர எல்லையோரத்தில் இருக்கிறோம். "கிளாசுக்கே போக வேணாம், பரீட்சைக்கு மட்டும் போனா போதும், எல்.எல்.பி. வாங்கித் தர்றேன்" என்று சொல்லும் புரோக்கர்கள் இந்தப் பக்கம் எப்போதும் உலவுவார்கள். ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் ஒழுங்காக நடக்கிற சட்டக் கல்லூரிகள் நிறைய உண்டு, அவற்றைச் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸ் இல்லாமல் டிகிரி விற்கிற இடங்களைத்தான் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் 'லெட்டர் பேட் கல்லூரிகள்' என்று சாடியது இவற்றைத்தான். பார் கவுன்சில் விதி குறைந்தபட்சம் 70 சதவீத வருகை கேட்கிறது. அஞ்சல் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. இன்னொன்று: பத்தாவதோடு நின்றுவிட்டு, பிளஸ் டூ படிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கியவர்கள் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குத் தகுதி இல்லை என்பது 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளிலேயே இருக்கிறது. அண்ணனோ மாமாவோ அப்படிப் படித்துவிட்டு "நானும் லா சேரப்போறேன்" என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் காட்டுங்கள்.

ஐந்து வருஷமா, மூன்று வருஷமா? சட்டம்தான் என்று மனசு உறுதியாக இருந்தால் ஐந்து. ஒரு வருஷம் மிச்சம். இல்லை, பி.காம். படிக்க ஆசை, கெமிஸ்ட்ரி பிடிக்கும் என்றால் அதைப் படித்துவிட்டு மூன்று வருஷத்துக்கு வாருங்கள். நம் பகுதிக்கு இரண்டாவது பாதை நஷ்டமே இல்லை. காரணம் சொல்கிறேன்.

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் சட்டம் எடுத்தால், வேலூர் என்ற பெயரைப் படிக்காமல் பாஸ் பண்ண முடியாது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு, தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும், கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. தோல் ஆலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்ற ஆய்வைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னார்கள். விவகாரம் அதோடு தீர்ந்ததா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டிவந்தது. இடையில் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள்.

பெங்களூரில் படிக்கிற பிள்ளைக்கு இது பரீட்சைக் கேள்வி. வாலாஜா ரோடு தாண்டும்போது ஜன்னலை இழுத்துவிட்டு வளர்ந்த உங்களுக்கு இது ஊர்ச் சமாச்சாரம். குரோமியம் என்றால் என்ன, சுத்திகரிப்பு நிலையத்தின் அளவீட்டு அறிக்கையை எப்படிப் படிப்பது என்று தெரிந்த வக்கீல்கள் நம் பக்கம் அதிகம் பேர் இல்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வக்கீலாக வருகிறவருக்கு இங்கே வேலை காத்துக்கிடக்கிறது. ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி வழக்குகளும் அப்படியே. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால், பழைய சீனியர்களும் உங்களோடு சேர்ந்து புதிதாகத்தான் படிக்க வேண்டும். ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் 8 லட்சம் வரை இழப்பீடு கேட்கலாம் என்பது, ஜங்ஷன் ஊரான நம் ஊரிலேயே எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்?

தமிழ் மீடியத்தில் படித்தோமே என்று தயங்குகிறவர்களுக்கு: கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976 சட்டத் திருத்தத்திலிருந்தே இடம் உண்டு. சாட்சி தமிழில்தான் பேசுவார், வாதி மனு தமிழில் எழுதலாம், பத்திரம் தமிழில் இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தின் எல்லை விவரத்தைத் தடுக்காமல் படிக்கிற பையனை எந்தச் சீனியரும் விடமாட்டார். சட்டக் கல்லூரித் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் இன்றைக்கும் ஆங்கிலம்தான். தமிழைக் கொண்டுவரச் சட்டசபை 2006இல் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அதனால் தமிழில் தேர்வு எழுதினாலும், தினம் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தை முதல் வருஷமே தொடங்குங்கள். முதல் மாதம் தலை சுற்றும். பிறகு பழகிவிடும்.

காலேஜைப் பார்க்கப் போகும்போது அட்மிஷன் கவுன்டரில் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் போங்கள். பதினோரு மணிக்கு கிளாஸ் நடக்கிறதா, வராந்தாவில் நிற்கிறார்களா என்று பாருங்கள். அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடப்பது உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். எந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார், எதற்கு கெஸ்ட் லெக்சரர் என்று மாணவர்களிடமே கேளுங்கள். லைப்ரரியில் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய கிரிமினல் சட்டங்களுக்கான புத்தகங்கள் இருக்கின்றனவா? பழைய இந்தியத் தண்டனைச் சட்ட கைடுகள்தான் அலமாரி முழுக்க என்றால் அதுவும் ஒரு தகவல். மாணவர்கள் வாதாடிப் பழகும் மூட் கோர்ட் நடக்கிறதா, கடைசியாக எப்போது? பெண் பிள்ளைகளின் வீட்டார் மாலை கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது விட்டால் என்ன வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு வருஷம் முன்பு முடித்தவர்கள் நாலு பேரின் போன் நம்பர் கேட்டு வாங்கி, இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். தரவரிசைப் பட்டியல் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஐந்து வருஷம் என்று கணக்குப் போடாதீர்கள், எட்டு என்று போடுங்கள். பார் கவுன்சிலில் பதிவு செய்ய முன்பெல்லாம் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள்; 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125க்கு மேல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு. சட்ட வாசகம் மட்டும் உள்ள பேர் ஆக்டை வைத்துக்கொண்டு எழுதலாம், தமிழிலும் எழுதலாம், பயப்பட ஒன்றுமில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷங்களில் வீட்டுக்குப் பணம் தருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்சம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அது கைக்கு வருகிற சேம்பரா என்று சேரும்போதே கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. நீதிபதி ஆசை இருப்பவர்களும் இந்த வருஷங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். படித்து முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுதிய காலம் போய், மூன்று வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பு மறுபடி கொண்டுவந்துவிட்டது.

ஆகவே பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தின லீவில் ஒருநாள் நம் ஊர் கோர்ட்டுக்கு வாருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் வந்து பின்னால் உட்காரலாம், செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். காலை பத்தரைக்குப் பெயர் கூப்பிடுவதிலிருந்து பாருங்கள். வாய்தா மேல் வாய்தா போகும். அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்புக்கு நடுவில் ஒரு குறுக்கு விசாரணை நடக்கும்போது உங்களுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை என்றால் விண்ணப்பம் போடலாம். தோன்றினால் நல்லது, ஐந்து வருஷம் மிச்சம். சட்டம் படித்தே தீர வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

விண்ணப்பம் போடுகிறவர்கள் சாதிச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி நீங்கள்தான் என்றால் அதற்கான சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று ஆகியவற்றை ஏப்ரலுக்குள் வாங்கிவையுங்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் சாதிச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் 'எஸ்' முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இந்த மாதமே தாலுகா ஆபீசுக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் வக்கீல் ஒருவர்
அரக்கோணம்